ஊட்ல ஒத்துக்க மாட்டாங்க

எம்.பி.ஏ. படிப்பதில்லை என்று நான் உறுதியாக முடிவெடுத்தேன். அந்த உறுதியை யாரிடமாவது சொல்லத்தான் எனக்குத் தைரியம் இல்லை.

என் பெயர் பரந்தாமன். பி.எஸ்ஸி. படித்தவன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார் கதவுக்குப் பூட்டு செய்யும் கம்பெனியில் சூபர்வைசர். பூட்டு ஒழுங்காகப் பூட்டுகிறதா, திறக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. தலைமுடியில் பாதி போய்விட்டது. மீதி போவதற்குள் மேனேஜர் ஆகிவிட வேண்டும் என்று ஒரு காலத்தில் ஆசைப்பட்டதுண்டு. முடியோடு ஆசையும் உதிர்ந்துவிட்டது.

கம்பெனிக்குப் புதிதாக வந்திருக்கும் ஹெச்.ஆர். அதிகாரி கிருஷ்ணப்பிரியா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். முகப்பேரில் ஒரு கல்லூரி, வேலை செய்பவர்களுக்காக விடுமுறை நாட்களில் வகுப்பு, செலவு கம்பெனியுடையது. படித்தால் உதவி மேனேஜர் ஆகலாம் என்றார். "படிக்கலன்னா..." என்று ஆரம்பித்தவர், பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அவர் சொல்லாமல் விட்ட மீதியை நான்தான் வீடு வரை சுமந்துகொண்டு போனேன்.

படிக்காவிட்டால் வேலை போய்விடுமோ என்று பயம். படித்தால் பரீட்சை வருமே என்று அதைவிடப் பயம். கல்லூரியில் கடைசிப் பரீட்சை எழுதியபோது உள்ளங்கை வேர்த்து, எழுதியதெல்லாம் மையாகக் கரைந்தது. எப்படியோ தேறினேன். ஆனால் கேள்வித்தாள் என்ற சொல்லைக் கேட்டால் இன்னமும் கை ஈரமாகிறது.

மின்சார ரயிலில் பக்தவத்சலத்திடம் யோசனை கேட்டேன். எங்கள் கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டுபவன். அண்ணனூரில் என்னோடு ஏறி, பட்டரவாக்கத்தில் என்னோடு இறங்குபவன்.

"எம்.பி.ஏ.வால இன்னா ஆவப்போவுது அண்ணாத்தே? எங்க அக்கா பையன் படிச்சான். பைக்ல பிரியாணி எடுத்துகினு ஊடு ஊடா போறான்."

என் மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி வண்டி திருமுல்லைவாயிலைத் தாண்டும் வரைதான் இருந்தது.

"ஆனா ஒண்ணு. எங்க பழைய கம்பெனி சூபர்வைசரு படிக்காமயே இருந்தாரு. இப்ப அந்தப் பிரியாணிய அவருதான் கட்டிக் குடுக்கறாரு."

ஆக, படித்தாலும் பிரியாணி, படிக்காவிட்டாலும் பிரியாணி. நான் ஒளிந்துகொள்ளத் தீர்மானித்தேன். ஒளிந்துகொள்ள மனைவியை விட நல்ல மறைவிடம் ஏது? "ஊட்ல ஒத்துக்க மாட்டாங்க மேடம்," என்று கிருஷ்ணப்பிரியாவிடம் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். விஜயதசமி வரை இடம் இருக்கிறது, பேசிப் பாருங்கள் என்றார்.

படிப்புச் செய்தி என் மனைவி ராணிக்கு எப்படியோ எட்டியிருந்தது. எதிர்வீட்டு சுரேகாவின் கணவன் எங்கள் கம்பெனி ஸ்டோரில் வேலை பார்க்கிறான். அங்கே தும்மினால் எங்கள் தெருவில் கேட்கும். என்னைப் படிக்கச் சொல்லி ராணி துளைத்தாள். கம்பெனியில் அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள் என்று அவளிடம் சொல்லிவைத்தேன்.

இரண்டு பொய்களும் தண்டவாளங்களைப் போலப் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றை ஒன்று தொடாமல் ஓடின. எல்லா வண்டிகளும் கடைசியில் வந்து சேர்கிற பணிமனை எங்கள் அண்ணனூரிலேயே இருக்கிறது என்பதை நான்தான் மறந்துவிட்டேன்.

ஆயுதபூஜை வந்தது. தொழிற்பேட்டையில் அன்றைக்கு மட்டும் கேட் எல்லாருக்கும் திறந்திருக்கும். மிஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி, குடும்பத்தையெல்லாம் அழைத்துவந்து காட்டுவார்கள். வருஷம் முழுக்க நம்மை விரட்டுகிற இரும்பு அன்று மாலை போட்டுக்கொண்டு சாதுவாக நிற்கும். ராணியும் கிருஷ்ணப்பிரியாவும் ஒரே கூரையின் கீழ் நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

இந்த வருஷம் குடும்பத்தோடு வரக்கூடாதாம் என்று ராணியிடம் சொன்னேன்.

"சரி," என்றாள்.

ராணி நிறையப் பேசினால் பிழைத்துக்கொள்ளலாம். ஒற்றைச் சொல்லோடு நிறுத்தினால்தான் பயப்பட வேண்டும்.

பூஜையன்று கற்பூரம் ஏற்றும் நேரத்தில் கேட்டுப் பக்கம் பார்த்தேன். பச்சைப் பட்டுப்புடவையில் ராணி வந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் சுரேகா, அவள் இடுப்பில் மகள் நிஷா. கிருஷ்ணப்பிரியா நேராக அவர்களிடம் போனார். நான் ஓடிப்போய் நடுவில் விழுவதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். சாரை ஏன் படிக்க வேணாங்கறீங்க?"

ராணி என்னைப் பார்த்தாள். கையில் சந்தனக் கிண்ணத்தோடு நான் நின்ற நிலையைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் இரண்டு பொய்யும் பணிமனைக்கு வந்து சேர்ந்துவிட்டன.

"ஆமா மேடம்," என்றாள் நிதானமாக. "நான்தான் வேணாம்னேன். இந்த வயசுல இன்னாத்துக்குன்னு."

வாசலில் பக்தவத்சலம் பூசணிக்காயைப் போட்டு உடைத்தான். எனக்கு முன்னால் அது உடைந்ததில் ஒரு சின்ன ஆறுதல்.

பூஜை முடிந்து ராணியோடு ரயிலில் திரும்பினேன். பொரிப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துச் சாப்பிட்டேன். மாலையில் வீட்டுப் பூஜைக்கு என் சர்டிபிகேட் ஃபைலைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, சரஸ்வதி படத்தின் முன் வைத்துக் குங்குமம் இட்டாள். எதற்கு என்றேன். வீட்டில் வேறு என்ன படிப்பு இருக்கிறது வைக்க என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் விஜயதசமி. நிஷாவை முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. சேர்க்கும் நாள். குழந்தை பயப்படுகிறது, மாமா தூக்கிவந்தால்தான் அழாது என்று சுரேகா சொன்னாள். பெருமையாக இருந்தது. ஆட்டோவில் வழிநெடுக நிஷாவுக்குத் தைரியம் சொன்னேன். பள்ளிக்கூடம் யாரையும் கடிக்காது. டீச்சர் ரொம்ப நல்லவர். உட்கார்ந்தால் பயம் போய்விடும். ராணி ஒரு பெரிய பையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள்.

கேட்டுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் பலூன் கட்டிய பள்ளிக்கூடம். வலது பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடம், மேலே கல்லூரிப் பெயர்ப்பலகை. அதன் படியில் கிருஷ்ணப்பிரியா நின்று கையசைத்தார்.

நிஷாவைச் சுரேகா வாங்கிக்கொண்டாள். ராணி பையிலிருந்து ஃபைலை எடுத்தாள். குங்குமம் இன்னும் அழியவில்லை.

"நேத்து வேணாம்னு சொன்னியே," என்றேன்.

"நீங்க பொய் சொன்னீங்கன்னு அந்தப் பொண்ணு எதிர்ல சொல்லிருந்தா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுகினு மேனேஜரா போய் உக்காருவீங்க? அதான் பழிய நான் வாங்கிகினேன். சாயந்தரம் போன் பண்ணி, மனசு மாறிட்டேன்னு சொல்லிட்டேன்."

"படிச்சும் ஒண்ணும் ஆவலன்னா?"

"ஆவலன்னு படிச்சுட்டு வந்து சொல்லுங்க, கேட்டுக்கறேன். எட்டிக்கூடப் பாக்காம சொன்னா எப்படி நம்பறது?"

மரத்தடியில் எந்தக் குழந்தையோ விசும்பிக்கொண்டிருந்தது. நானும் அதுவும் ஒரே மாதிரி மூச்சு விட்டோம்.

"பயமா கீது ராணி."

எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு நான் சொன்ன முதல் உண்மை. அவள் கேலி செய்யவில்லை. என் உள்ளங்கையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"தெரியும். அதான் கர்ச்சீப் ரெண்டு வச்சிருக்கேன். உள்ள போங்க."

அதற்குள் நிஷா தட்டு அரிசியில் 'அ' எழுதி முடித்துவிட்டு, வாயில் கல்கண்டோடு வெளியே வந்துவிட்டாள். நான் படியேறுவதைப் பார்த்து, "கடிக்காது மாமா, போ," என்றாள்.

உள்ளே குளிர்ந்த அறை. எல்லாரும் இளைஞர்கள். ஏன் இந்தப் படிப்பில் சேர்ந்தீர்கள் என்று பேராசிரியர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவன் தலைமைப் பண்பு என்றான். ஒரு பெண் தொழில் தொடங்கப் போவதாகச் சொன்னாள். என் முறை வந்தது. கர்ச்சீப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"ஊட்ல ஒத்துக்கினாங்க சார்."