சிசங்காவின் தலைகீழ் விசிறி

"கடவுளே, இது பிரிஞ்சு தொலையாதா!" என்று சிசங்கா மறுபடியும் தலையில் அடித்துக்கொண்டான்.

செம்பு கரைந்த தண்ணீரையும் எண்ணெயையும் ஒன்றாகக் கலக்க வேண்டும். செம்பு எண்ணெய்க்குத் தாவியதும் இரண்டும் சமர்த்தாகப் பிரிந்துவிட வேண்டும். ஜாம்பியாவில் மண்ணிலிருந்து செம்பைக் கறக்கும் வித்தை இது. அதற்காகவே சோதனைத் தொட்டிக்கு வளைந்த இறக்கைகள் வைத்த விசிறி ஒன்றை அவன் வடிவமைத்திருந்தான். கலந்ததென்னவோ உண்மை, பிரியத்தான் காணோம். இறக்கைகளைக் கூட்டினான், கலவை கெட்டியானது. வேகத்தைக் கூட்டினான், தொட்டி முழுக்க நுரை.

"என்ன சார், ன்சிமா களி கிண்டுறீங்களா? கரண்டி நட்டா நிக்கும் போலிருக்கே!" என்றான் ஃபிட்டர் கசோண்டே.

"வாயை மூடுய்யா! விசிறியைக் கழட்டிக் கழுவி மாட்டு. மேலாளரம்மா வர்றாங்க. இன்னிக்கும் ஊத்திக்கிச்சுன்னா என்னை ன்டோலா கிடங்குல ஆணி எண்ண அனுப்பிடுவாங்க."

கசோண்டே அவசர அவசரமாக மாட்டி முடிக்கவும் மேலாளர் நாமுகோலோ உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. அவரே பொத்தானை அழுத்தினார். அப்போதுதான் தொட்டியின் கண்ணாடிச் சுவர் வழியாகச் சிசங்கா பார்த்தான். படுபாவி, விசிறியைத் தலைகீழாக மாட்டியிருந்தான்! இறக்கைகளின் வளைவெல்லாம் எதிர்ப்பக்கம்.

கலவை பக்கத்துத் தொட்டிக்குள் வழிந்தது, அடங்கியது, பிரிந்தது. அடேயப்பா! கீழே பச்சைத் தண்ணீர், மேலே தேன் நிறத்தில் எண்ணெய், நடுவே பளிச்சென்று ஒரு கோடு. நாமுகோலோ தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார்.

"என் ஆயுசுல இப்படிப் பார்த்ததில்லப்பா! என்ன பண்ணுன?"

"விசிறியை... தலைகீழா மாட்டினேம்மா."

"தலைகீழாவா! எப்படிப்பா தோணுச்சு?"

"தானா தோணுச்சும்மா" என்றான் சிசங்கா. கசோண்டே கூரையைப் பார்த்தான்.

நாமுகோலோ அங்கேயே தொலைபேசியை எடுத்தார். "பெரிய தொட்டி எல்லாத்துலயும் சிசங்கா விசிறியை மாட்டுங்க. தலைகீழா! இன்னிக்கே எல்லாம் ஓடியாகணும்." அவன் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டுப் போனார்.

சிசங்கா அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தன் கையாலா இது நடந்தது என்று அவனுக்கே மெய்சிலிர்த்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு எலக்ட்ரீஷியன் கபாசோ வந்தான்.

"கோவிச்சுக்காதீங்க சார், இந்தச் சோதனைத் தொட்டி மோட்டார்ல ஒயரை மாத்திக் குடுத்துட்டேன், முதல்லேர்ந்தே எதிர்ப்பக்கமா சுத்திக்கிட்டிருக்கு. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, பெரிய தொட்டிங்க எல்லாம் சரியான பக்கந்தான் சுத்துது!"