பின்பக்கம் மட்டும் இறக்கிய பைக்

குள்ளமானவர்கள் யாரும் தங்களைக் குள்ளம் என்று நினைப்பதில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் கொஞ்சம் உயரமாகச் செய்துவிட்டார்கள் என்றுதான் நினைப்போம். நான் ஆசைப்பட்டு வாங்கிய மலைப்பாதை பைக்கும் அப்படித்தான். சிக்னலில் நின்றால் கால் கட்டைவிரல்கள் மட்டுமே தரையைத் தொடும். (பார்க்கிறவர்களுக்கு நான் பரதநாட்டியம் பழகுவதுபோல இருக்கும்.)

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பேசியிருந்த பெண் ஷீலாவின் வீட்டார் என்னைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு வருவார்கள். காணிக்கையாக வந்த காய்கறி, கேக், கோழியெல்லாம் ஏலம் போகும்போது அங்கேயே பேசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. போட்டோவிலேயே ஷீலாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என்னைவிட உயரம் என்பதும் போட்டோவிலேயே தெரிந்துவிட்டது. நடந்து போய் நின்றால் தேறமாட்டேன், பைக்கில் போய் இரண்டு பாதங்களையும் அழுந்த ஊன்றி நிற்கவேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் மெக்கானிகல் என்ஜினீயர், சனத்நகரில் பம்பு கம்பெனியில் வேலை. ஒரு வீடியோவைப் பார்த்து, பின் ஷாக் அப்சர்பரின் இணைப்புத் தகட்டைக் கழற்றி நீளமானதைப் போட்டேன். பின்பக்கம் ஜோராக இறங்கியது. முன் ஃபோர்க்கையும் அதற்கேற்ப இறக்கவேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒழுங்காக வளையாது, சைடு ஸ்டாண்டையும் குட்டையாக்கவேண்டும் என்றெல்லாம் அதே வீடியோவின் பிற்பாதியில் சொன்னார்களாம். நான்தான் பாதியிலேயே எழுந்து கண்ணாடி முன்னால் போய்விட்டேனே!

பண்டிகையன்று காலையில் அம்மா ஒரு பெரிய பூசணிக்காயோடு வந்தாள்.

"ஏலே, இத பின்னாடி கெட்டிக்கோ. காணிக்க."

"பைக்குல நக்கோம்மா. நீ வார ஆட்டோலயே கொண்டு வாயேன்."

"ஆட்டோல நான் இருக்கணுமா, பூசணி இருக்கணுமா? கைக்குலே இம்புட்டு யோசிக்க?" (எங்கள் ஊர் உருதுவில் 'நக்கோ' என்றால் வேண்டாம், 'கைக்கு' என்றால் எதற்கு. பாளையங்கோட்டையும் செகந்திராபாத்தும் அம்மா வாயில் சண்டையில்லாமல் வாழ்கின்றன.)

பூசணியின் கனத்தில் பின்பக்கம் இன்னும் அமுங்க, முன்சக்கரம் வானத்தைப் பார்த்தது. நேர்ச்சாலையில் சுகமாகத்தான் போனேன். சர்ச் கேட்டில் அம்மாவும் ஷீலாவும் அவள் அப்பாவும் நின்றுகொண்டிருந்தார்கள். இடப்பக்கம் திருப்பினேன். வண்டி திரும்ப மனமில்லாமல், சிரித்த முகத்தோடு இருந்த என்னை அவர்களைத் தாண்டிக் கொண்டுபோய் எதிர்ச்சாரி டீக்கடையில் நிறுத்தியது.

"க்யா பாய், சாய்?" என்று டீ கிளாஸைக் காட்டிக் கேட்டார் கடைக்காரர்.

இரண்டாம் முறை, கால்களால் துடுப்புப் போட்டு உள்ளே வந்து சேர்ந்தேன். பாதங்களை ஊன்றி ராஜா மாதிரி ஒரு நிமிடம் இருந்துவிட்டு, சைடு ஸ்டாண்டைப் போட்டு இறங்கி, "ஸ்தோத்திரம் அங்கிள்" என்று கைகூப்பினேன். இறங்கிப்போன வண்டிக்கு அந்த ஸ்டாண்டு நீளம். சாய்ந்து நிற்கவேண்டியது விறைப்பாக நின்று, யோசித்து, மறுபக்கம் விழுந்தது. பூசணி உருண்டோடி ஷீலா அப்பாவின் புதுச் செருப்பில் மோதிப் பிளந்தது.

ஷீலா குனிந்து வண்டியைப் பார்த்தாள். (அண்ணன் பைக்கை ஓட்டியே வளர்ந்தவளாம்.)

"பின்னாடி மட்டும் எறக்கினீங்களா?"

"ஆமா."

"கைக்கு?"

பொய் சொல்லப் பார்த்தேன், வாயில் வரவில்லை. "நீங்க ரொம்ப ஹைட்டுன்னு..."

அவள் சிரித்த சிரிப்பில் சர்ச் வளாகமே திரும்பிப் பார்த்தது. சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏலத்தில் கடைசியாக அந்தப் பூசணி வந்தது. "ஒடஞ்சது, யாருக்கு வேணும்?" என்று கேட்டதும் கூட்டம் சிரித்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷீலா கையைத் தூக்கினாள். வேறு யாரும் கேட்காதபோதும், தானே இன்னொரு தடவை ஏற்றிக் கேட்டாள்.

"எதுக்கும்மா இது?" என்றார் அவள் அப்பா.

"எனக்கு இதுதான் வேணும்பா."

அம்மா என் கையைக் கிள்ளினாள். வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"நான் கொண்டாந்து உங்க வீட்டுல எறக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"நக்கோ! சாவியக் குடுங்க. நீங்க பூசணியப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி உக்காருங்க."

பெரியவர்கள் ஆட்டோவில் பின்தொடர, ஊர்வலம் கிளம்பியது. கேட்டில் அவளுக்கும் வண்டி வளையவில்லை. டீக்கடைக்காரர் இந்த முறை கேட்காமலே இரண்டு சாய் எடுத்து வைத்தார்.

கல்யாணமானதும் ஷீலா முதல் வேலையாக அந்தத் தகட்டைக் கழற்றிப் பைக்கைப் பழைய உயரத்துக்கு ஏற்றிவிட்டாள். ஓட்டுவது அவள்தான். இன்றும் புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் மாமனார் என் தோளில் கைபோட்டு, "எங்க மாப்பிள்ளை. சர்ச் ஏலத்துல எடுத்தது" என்று அறிமுகப்படுத்துவார்.

அடுப்படியிலிருந்து ஷீலாவின் குரல் வரும்: "போட்டிக்கு ஆளே இல்லப்பா!"