பின்னாலேயே வந்த எல்சி

கண்ணாடியில் வெள்ளை வெளிச்சம் அறைந்ததும் அருள்பிரகாசம் கண்ணை மூடிக்கொண்டார். கார் ஓட்டுகிறவர் செய்யக்கூடாத காரியம் அது. மூடிய அந்த ஒரு கணத்தில் கார் இடது பக்கம் நழுவி, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையின் ஓரக் கல்லில் கர்ரென்று உரசி நின்றது.

பக்கத்தில் சாய்ந்து கிடந்த அவர் மனைவி ஹில்டா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"வூடு வந்துடுச்சா?"

"இன்னும் வரல. நீ தூங்கு."

"அப்போ அது இன்னா சத்தம்?"

"கல்லு."

"கல்லு வந்து நம்ம மேல இடிச்சுதா, நாம போய் கல்லு மேல இடிச்சோமா?"

அருள்பிரகாசம் காரைக் கல்லிலிருந்து விலக்கிச் சாலைக்குக் கொண்டுவந்தார். டயாலிசிஸ் முடிந்து திரும்பும் நாள்களில் ஹில்டாவின் உடம்பில் தெம்போடு மிச்சமிருப்பது நாக்கு மட்டும்தான். அதுவாவது மிச்சமிருக்கிறதே என்று அவர் அதனுடன் சண்டைக்குப் போவதில்லை.

செவ்வாய், வியாழன், சனி. மத்தியானம் திருவொற்றியூரில் மெஷினில் படுத்தால் எழுந்திருக்கச் சாயங்காலம் ஆகிவிடும். மழைக்காலம் வேறு, வெளியே வந்தால் கும்மிருட்டு. அங்கிருந்து ராயபுரம் கல்மண்டபம் வரை கடலோரச் சாலை முழுக்க, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள். எல்லாவற்றிலும் புது மாதிரி வெள்ளை விளக்குகள். அருள்பிரகாசத்தின் பழைய குட்டிக் காருக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் வந்துவிட்டால், பக்கக் கண்ணாடி இரண்டிலும் வெளிச்சத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது.

அவர் துறைமுகத்தில் கிரேனுக்குக் கை சிக்னல் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் உள்ளங்கையைத் தூக்கினால் ஆகாயத்தில் போகிற கண்டெய்னர் அப்படியே நிற்கும். ஹில்டாவின் வியாதிக்கு முன்னால் அந்தக் கைக்கு ஒரு மரியாதையும் இல்லை. உப்பில்லாமல் சமைக்க வராது. ஒரு தடவை சமைத்ததை ஹில்டா வாயில் வைத்துவிட்டு, வியாதியே தேவலை என்றாள். ஊசியைப் பார்த்தால் அவருக்கே மயக்கம் வரும். அவளைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது ஒன்றுதான் அவரால் முடிந்தது. அதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் தாம் எதற்கு என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அதற்கும்தான் ஆபத்து வந்திருந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் ஜெரி போனில் தீர்ப்பே சொல்லிவிட்டான். "டாடி, கிறிஸ்மஸுக்கு வரும்போது வண்டியை வித்துடலாம். அம்மா கால் டாக்ஸியில போவட்டும். இன்னொரு தபா எங்கனா இடிச்சீங்கன்னா அதுக்கு முன்னாடியே வந்துடுவேன்."

கல்லில் உரசிய மறுநாள் காலை அருள்பிரகாசம் தண்டையார்பேட்டையில் கார் சாமான்கள் மாட்டித் தரும் காஜா மொய்தீன் கடையில் நின்றார்.

"பாய், பின்னாடி வர்றவனுங்க லைட்டு கண்ணைப் புடுங்குது."

"உங்களுக்குன்னே ஒரு ஐட்டம் கீது அண்ணாத்தே. பின்னாடி வெளிச்சம் அடிச்சா சைடு கண்ணாடி தானாவே கறுத்துக்கும். வெளிச்சம் போனா தானாவே வெளுத்துக்கும். பெரிய கார்லலாம் கம்பெனியிலயே வருது. நான் உங்க வண்டிக்கு ரெண்டு பக்கமும் மாட்டித் தர்றேன்."

"அதுக்குக் கரண்ட்டு?"

"பின்னாடி சும்மா போய்கினு கீற வயரு ஒண்ணு கீது. அத்த வெட்டி ஒரு ஜாயின்ட்டு போட்டா வேலை முடிஞ்சுது."

காஜா மொய்தீனைக் கேட்டால் எந்தக் காரிலும் பாதி வயர்கள் சும்மா போகிறவைதான். அருள்பிரகாசம் நம்பினார். கவலையில் இருக்கிறவனுக்கு நம்புவதைத் தவிர வேறு என்ன வேலை?

மறுநாள் சாயங்காலமே பலன் தெரிந்தது. ஒரு டிரெய்லர் பின்னால் வந்தது. கண்ணாடி நீலம் பாரித்துக் கறுத்தது. அத்தனை பெரிய வெளிச்சம் இரண்டு மாத்திரை அளவுக்குச் சுருங்கிப்போனது.

"ஹில்டா, பாத்தியா! கறுத்துடுச்சு பாரு!"

"என் மூஞ்சிகூடதான் கறுத்துகினு வருது. அதுக்கு யாரும் கை தட்டல."

சந்தோஷம் சுங்கச்சாவடி தாண்டும் வரைகூட நிற்கவில்லை. பின்னால் வந்த டிரெய்லர் விளக்கை அணைத்து அணைத்துப் போட ஆரம்பித்தது. கண்ணாடி கறுத்தது, வெளுத்தது, கறுத்தது. அருள்பிரகாசத்தைப் பார்த்து அதுபாட்டுக்குக் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. அந்த டிரெய்லர் தாண்டிப் போனதும் அடுத்தது வந்து அதே வேலையைச் செய்தது.

"முன்னலாம் இப்டி அடிக்க மாட்டானுங்களே! நான் கண்ணாடி மாட்டினது தெரிஞ்சுபோச்சு. வெளிச்சம் உறைக்கலன்ற கடுப்புல அடிக்கிறானுங்க."

"ஆமா, எல்லா லாரிக்காரனும் சேர்ந்து உங்க கண்ணாடியைப் பத்தி மீட்டிங் போட்டுக்கிறானுங்க."

பைக்கில் போன ஒருவன் பக்கத்தில் வந்து, கட்டை விரலால் பின்பக்கம் காட்டி என்னவோ கத்திவிட்டுப் போனான்.

"இன்னாவாம்?" என்றாள் ஹில்டா.

"பின்னாடி பெரிய வண்டி வருதாம். ஒதுங்கணுமாம். இவன் அவனுக்கு வக்கீல்."

அடுத்த முறைதான் எல்சி வந்தாள். பச்சைக் கேபின் வைத்த டிரெய்லர். கதவில் மஞ்சள் எழுத்தில் 'எல்சி' என்று எழுதியிருந்தது. சிக்னலில் காருக்கு இணையாக வந்து நின்றது. அதன் டிரைவர், தலையில் துண்டு கட்டிய ஒல்லி ஆள், இந்தப் பக்கத்து ஜன்னல் வரை எக்கி வந்து, கையை நீட்டி விரல்களை மூடி மூடித் திறந்தான்.

அருள்பிரகாசத்துக்கு ரத்தம் கொதித்தது. அவர் வேலை பார்த்த கேங்கில் விரலை மூடித் திறந்தால் கீழே இறக்கு என்று அர்த்தம்.

"கீழ எறங்குன்றான்! நடுரோட்டுல சண்டைக்குக் கூப்புடுறான்!"

"ஏதோ சொல்ல வர்றான். கண்ணாடியை எறக்கித்தான் கேளுங்களேன்."

"அவன் சொல்றது என் பரம்பரையைப் பத்தி. அத்த நீ கேக்க வேணாம்." ஜன்னலை முழுக்க ஏற்றிவிட்டு, சிக்னல் விழுந்ததும் பறந்தார். பறந்தார் என்பது அவர் கணக்கு. முப்பதுக்கு மேல் அந்தக் கார் போவதில்லை.

எல்சி தாண்டிப் போகவில்லை. காசிமேடு திருப்பம் வரை பின்னாலேயே வந்தாள்.

மறுபடியும் தண்டையார்பேட்டை. காஜா மொய்தீன் முழுக்கதையும் கேட்டுத் தலையை ஆட்டினார்.

"பவர் பத்தல அண்ணாத்தே. ஏத்திடுவோம். உள்ள கீற கண்ணாடிக்கும் ஒண்ணு போட்டுடுவோம். அதுக்கு இன்னொரு வயரு எடுக்கணும்."

"அதுவும் சும்மா போறதா பாய்?"

"இது அத்த விட சும்மா."

இந்தத் தடவை கண்ணாடிகள் வெளிச்சத்துக்காகக் காத்திருக்கவில்லை. விளக்குப் போட்டதுமே மூன்றும் கறுத்துக்கொண்டன. எல்சியும் மாறிவிட்டாள். அணைத்துப் போடுவதெல்லாம் இல்லை. முழு வெளிச்சத்தையும் போட்டது போட்டபடி, ஒட்டினாற்போல் வந்தாள். இவர் மெதுவாகப் போனால் அவளும் மெதுவாக. இவர் பிரேக்கில் கால் வைத்தால் போதும், பின்னாலிருந்து ஹாரன். ஒருநாள் தண்ணீர் பாட்டில் வாங்க ஓரமாக நிறுத்தினார். எல்சியும் பின்னால் நின்று, இவர் கிளம்பும் வரை உறுமிக்கொண்டிருந்தாள்.

"ஹில்டா, எனக்குப் பயமா கீது. நம்மள கடத்தப் பாக்குறானோ?"

"கிட்னி திருடுறவனா இருந்தா பாவம், ஏமாந்துடுவான்."

"வெளையாடாத. இன்னைக்கும் எல்சி வந்துட்டா பாரு."

"நல்லாத்தான் கீது. கட்டினவ பக்கத்துல, எல்சி பின்னாடி."

அந்த வியாழக்கிழமை விளையாட்டு முடிந்தது. காசிமேட்டில் திரும்பும்போது கறுத்த கண்ணாடியில் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி அவருக்குத் தெரியவே இல்லை. கடைசி நொடியில் பிரேக்கை மிதித்து ஒடித்தார். பின்னால் எல்சியின் டயர்கள் கிறீச்சிட்டன. ஹில்டாவின் இடது கை டேஷ்போர்டில் மோதியது. ஊசி குத்திய கை. கட்டு நனைந்து சிவந்தது.

அருள்பிரகாசம் காரை ஓரம்கட்டி, அந்தக் கட்டின் மேல் தம் விரல்களை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரத்தத்தைப் பார்த்தும் மயக்கம் வரவில்லை. பயம் அதற்குக்கூட இடம் விடவில்லை. ரத்தம் நிற்கும் வரை விரல்களை எடுக்கவில்லை.

ஹில்டா ஒரு நக்கலும் அடிக்காததுதான் அவரைக் கொன்றது.

"சனிக்கிழமை ஒரு நாள் ஓட்டுங்க," என்றாள் மெதுவாக. "அப்புறம் ஜெரியை வரச் சொல்லி சாவியைக் குடுத்துடுங்க. நானும் எத்தினி நாளைக்குத்தான் தூங்கற மாரி நடிக்கிறது?"

இத்தனை நாளும் அவள் தூங்கவில்லை. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு வந்திருக்கிறாள். அருள்பிரகாசம் அன்றிரவு சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை காஜா மொய்தீனிடம் போகவில்லை. அறிவியலை நம்பிக் கெட்டது போதும் என்று முடிவு செய்துவிட்டார். காரின் பின்புறம் நின்று, பின் கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டினார். பக்கக் கண்ணாடி இரண்டையும் மடக்கிவிட்டார். இனிமேல் தமக்குப் பின்னால் என்று ஒரு திசையே கிடையாது. கடைசி ஒரு நாளாவது நிம்மதியாக ஓட்டலாம் என்று நினைத்தார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. திருவொற்றியூரைத் தாண்டியதும் காரின் இரண்டு பக்கமும் வெளிச்சம் வழிந்து முன்னால் ஓடியது. திரும்பிப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வந்துட்டா."

"வரட்டும். ரோடாவது நல்லாத் தெரியுது," என்றாள் ஹில்டா.

ஒரு பள்ளத்துக்காகப் பிரேக் போட்டார். நீளமாக ஹாரன். அடுத்த பள்ளம். இன்னும் நீளமாக ஹாரன். அருள்பிரகாசத்துக்குள் மூன்று வாரமாகச் சேர்ந்திருந்தது எல்லாம் ஒன்றாகத் திரண்டது. மகன், சாவி, கைக்கட்டில் ஊறிய ரத்தம், இனி தாம் உட்காரப்போகும் வெறும் வீடு. காரை ஓரமாக நிறுத்தினார்.

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடுறேன்."

"இன்னாங்க, வேணாம். உக்காருங்க. நான் சொல்றேன் இல்ல?"

அவர் இறங்கி மழைக்குள் நடந்தார். வெளிச்சத்தில் கண் கூசியது. உள்ளங்கையைத் தூக்கினார். துறைமுகத்தில் தூக்குகிற அதே உயரம், அதே விறைப்பு. காற்றுப் பிரேக் சீறியது. அத்தனை பெரிய எல்சி அவருக்கு முன்னால் நின்றாள். தம் கைக்கு இன்னமும் ஒன்று நிற்கிறது என்பதில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

டிரைவர் குதித்து இறங்கினான்.

"இன்னாடா வேணும் உனக்கு?" அருள்பிரகாசம் மழையை மீறிக் கத்தினார். "ஒடம்பு முடியாதவளை ஏத்திகினு போறேன். மூணு வாரமா துரத்துறியே, உனக்குப் பொண்டாட்டி புள்ள இல்ல?"

"அப்பாடா, இன்னைக்காவது நின்னியே நைனா! எத்தினி தபா கை காட்டினேன், கண்ணாடியை ஏத்திகினே போய்ட்டே."

"நீ சண்டைக்குக் கூப்புட்ட!"

"சண்டையா? உன் பின்னாடி ஊர்ந்துகினு வந்து, ஹார்பர் கேட்டு லைன்ல தெனம் நான் கடைசியில நின்னு சாவறேன். ஓனரு வாயில நல்ல வார்த்தையே வரல. இதுல உன்னாண்ட சண்டை வேறயா?"

"அப்போ தாண்டிப் போயிகினே இருக்க வேண்டியதுதானே? உன்னை யாரு புடிச்சு வெச்சா?"

டிரைவர் கிட்டே வந்தான். அவர் தோளைப் பிடித்து, காரைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்தினான்.

"இங்கயே நில்லு. அசையாத."

கேபினில் ஏறி எல்சியின் விளக்குகளை அணைத்தான்.

மழையும் இருட்டும்தான். கார் நின்ற இடத்தில் கார் இல்லை. அதன் முன் விளக்கின் மங்கல் எதிரே எங்கோ ஈரச் சாலையில் விழுந்து கிடந்தது. இந்தப் பக்கம் ஒரு பொட்டு சிவப்புகூட இல்லை. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஹில்டாவின் இருமல் மட்டும் வந்தது.

எல்சியின் விளக்குகள் மறுபடி எரிந்தன. மேலே ஜன்னலிலிருந்து டிரைவரின் தலை எட்டிப் பார்த்தது.

"பாத்துக்கினியா? மூணு வாரமா உன் வண்டிக்குப் பின்னாடி லைட்டே நான்தான் நைனா."