ஆடாம பண்ணிக் குடுங்கண்ணா

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ரெக்கார்டு பிளேயரை சிவாஜிநகர்ல ரிப்பேருக்குக் குடுத்து, கையோட வாங்கிட்டு வரணும்.

தொண்ணூறுகளோட கடைசி. லிங்கராஜபுரத்துல ஜெராக்ஸ் கடையில வேலை, மத்த நேரம் டிஜே. அதாவது, என்னை டிஜேன்னு சொல்லிக்கிட்டது நான் ஒருத்தன்தான். ஜெர்மனியில இருக்கிற அத்தை பையன் டெக்னோங்கற டான்ஸ் மியூசிக் ரெக்கார்டு ரெண்டு அனுப்பியிருந்தான். லேபிள்ல பாட்டு பேரும் இல்ல, ஆள் பேரும் இல்ல. வெறும் வெள்ளைக் காகிதம். கேட்டா அண்டர்கிரவுண்டாம்! அந்த ரெண்டை வெச்சு ஊரையே ஆட வெக்கலாம்னு எனக்கு நெனப்பு.

மத்தியானம் மூணு மணிக்கு ஒரு பப்ல எனக்கு டெஸ்ட். ஓனருக்குப் பிடிச்சா ஞாயித்துக்கிழமை தோறும் வேலை. ஜெராக்ஸுக்கு டாட்டா!

பிளேயர் ஓரத்துல மேல கீழ தள்ளற பட்டன் ஒண்ணு இருக்கும். தள்ளினா பாட்டு கொஞ்சம் வேகமாவோ மெதுவாவோ ஓடும். ஒரு பாட்டு ஓடறப்பவே அடுத்ததை அதே வேகத்துக்குக் கொண்டுவந்து சேக்கணும். மிக்ஸிங்னா அதான். அந்தப் பட்டன்தான் லூசாகி, தானா வழுக்கிட்டிருந்தது.

ஆரோக்கியம் அண்ணா கடைக்குப் போனேன். மிக்ஸியில இருந்து மைக் செட் வரைக்கும் எல்லாம் பாப்பாரு.

"அண்ணா, ஸ்பீடு தானா மாறுது. ஆடாம பண்ணிக் குடுங்கண்ணா."

சொன்னது இந்த வாய்தான். வேற யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

டீ, சமோசா, இன்னொரு டீ எல்லாம் முடிச்சிட்டு வந்தா, கடை முன்னாடி கூட்டம்! டெஸ்ட் பண்ண, பிளேயரோட நான் விட்டுட்டுப் போன ரெக்கார்டையே போட்டிருக்காரு. டும் டும் டும் டும்.

"தம்பி, ரெக்கார்டும் போச்சு. ஒரே இடத்துல மாட்டிக்கிச்சு. அஞ்சு நிமிஷமா பாட்டே ஆரம்பிக்கல."

"அண்ணா... இதான் பாட்டு."

பக்கத்துக் கறிக்கடைக்காரர் என் தோளைத் தட்டி, "அரே, உன்னை நல்லா ஏமாத்திட்டாங்கப்பா"ன்னாரு.

மானம் போனா போகுதுன்னு பிளேயரையும் ரெக்கார்டையும் தூக்கிட்டு ஆட்டோ ஏறினேன். பட்டனைத் தொட்டுக்கூடப் பாக்கல.

பப்ல போய்த் தள்றேன், அசையல. ரெண்டு கையாலயும் தள்றேன். ம்ஹூம்! குனிஞ்சு பாத்தா, பட்டன் ஓடற பள்ளம் பூரா பைப்பு அடைக்கிற பசையை ரொப்பி, காய வெச்சு, மேல உப்புத்தாள் வேற போட்டுத் தேய்ச்சிருக்காரு மனுஷன்! எனக்கு அழுகையே வந்துடுச்சு.

பப்ல இருந்த இன்னொரு பிளேயர் வீட்டு மாடல். அதுல பட்டனே கிடையாது.

வேற வழி? முதல் பாட்டை என் பிளேயர்ல ஓட விட்டேன். ரெண்டாவதை அதுல போட்டு, சுத்தற தட்டை விரலால அழுத்தி மெதுவாக்கப் பாத்தேன். சேரவே இல்ல. டடும், டும், டடடும்னு ரெண்டும் சண்டை போடுது!

ஓனர் பக்கத்துல வந்து நின்னாரு. "ஏனப்பா, கையை எடுத்தா நின்னுடுமா?"

"இல்ல சார். எடுத்தா ஓடிடும்."

ரெண்டாவதை அவரே நிறுத்தினாரு. என் பிளேயர் மட்டும் ஓடிட்டிருந்தது. காதை வெச்சுக் கேட்டாரு.

"இது பாரு, கல்லு மாதிரி ஒரே ஸ்பீடு! யாரு ரிப்பேர் பண்ணது?"

"ஆரோக்கியம் அண்ணா, சார்"னேன் வயித்தெரிச்சலோட.

"நாளைக்கே கூட்டிட்டு வா!"

அந்த ஞாயித்துக்கிழமையில இருந்து பப்ல சவுண்டு பாத்துக்கறது ஆரோக்கியம் அண்ணாதான். "கவலைப்படாத தம்பி, உனக்கும் ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெக்கறேன்"னாரு.