மெக்கானிக்கின் மைட்டோகாண்ட்ரியா

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவாமல் தப்பித்து வந்த ஜெனரேட்டர் மெக்கானிக், நான்காவது ஞாயிறு அறிவியலிடம் சரணடைந்தார். மனைவி உயிரியல் டீச்சர். அவளுடைய பாடக்குறிப்பையே திருட்டுத்தனமாகப் படித்து அவளிடமே ஒப்பிக்கத் துணிந்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற துணிச்சல்.

சோபாவில் சாய்ந்தபடி விளக்கினார். உடம்பில் செல்லுக்குச் செல் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டிக் குட்டி ஜெனரேட்டர்கள். சாப்பாடுதான் டீசல். அதை ஆக்ஸிஜனோடு சேர்த்து எரித்துச் சக்தி தருகின்றன. எரிக்கும்போது கொஞ்சம் ஆக்ஸிஜன் முறுக்கிக்கொண்டு கிளம்பிக் கண்டதையும் கடிக்கும். அளவு மீறினால், தன்னைப் பெற்ற ஜெனரேட்டரின் சுவரையே அரித்துவிடும். அரிபட்ட ஜெனரேட்டர் அந்த முரட்டு ஆக்ஸிஜனை இன்னும் அதிகமாகக் கக்கும். இதற்குப் பெயர் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்.

"தொட்டிக்குள்ள இறங்கித் தேய்ச்சா மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினா அழுத்தம். அப்புறம் என் செல்லெல்லாம் செல்லரிச்சுப் போயிடும்."

டீச்சர் மறுத்துப் பேசவில்லை. பாடத்தைப் பிழையில்லாமல் சொன்னதற்குப் பாராட்டி, காபி போட்டுக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அவருக்கு மனம் குளிர்ந்தது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் முதல் வெற்றி.

பாதிக் காபியில் போன் அடித்தது. யாரோ ஓர் அம்மா. தேய்ந்துவிடும் என்று பயந்து ஆறு மாசமாக ஓட்டாமல் மூடி வைத்திருந்த ஜெனரேட்டர், இப்போது கிளம்பவே மாட்டேன் என்கிறதாம். அவருக்குத் தொழில் பக்தி தலைக்கேறியது.

"சும்மா வச்சிருந்தாதான்மா கெட்டுப் போகும். வாரம் ஒருதரம் ஓட்டணும், கொஞ்சம் சுமையும் கொடுக்கணும். ஓடுற மெஷின்தான் உழைக்கும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தால் எதிரே டீச்சர். ஒரு கையில் வாளி, மறு கையில் பிரஷ்.

"செல்லும் அப்படித்தாங்க. அளவா வேலை கொடுத்தா, அந்தக் கொஞ்ச அழுத்தத்துலயே அது தற்காப்பை வளர்த்துக்கும். புது மைட்டோகாண்ட்ரியாவும் உண்டாகும். நீங்க அடுத்த பக்கத்தைப் படிக்கல."

மாடியேறித் தொட்டிக்குள் இறங்கினார். தேய்க்கத் தேய்க்க உடம்பு லேசாவதை அவரே ஒப்புக்கொண்டார். அவள் மேலிருந்து தண்ணீர் ஊற்ற, இருவரும் ஊர்க்கதை பேசிச் சிரித்தார்கள். கடைசி வாளி அழுக்குத் தண்ணீரைத் தூக்கிக் கொடுக்கும்போதுதான், போனில் பேசிய அம்மாவிடம் விலாசம் வாங்காதது உறைத்தது. மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

"அவங்க எங்க ஸ்கூல் கணக்கு டீச்சருங்க," என்றாள் அவள், வாளியை வாங்கிக்கொண்டே. "அவங்க வீட்டுல ஜெனரேட்டரே கிடையாது."