விரத நாள் மாத்திரை

நாள் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார் பஞ்சாங்கம் அண்ணாச்சி. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ராகுகாலம் முடியும்வரை காத்திருப்பார் என்று டவுண் ரதவீதி முழுக்க நம்பியது. தொண்ணூறுகளின் பிற்பாதியில், பார்மசி டிப்ளமோ முடித்து அங்கே ஒரு மருந்துக் கடையில் சேர்ந்தேன். அப்போது அவருக்கு வயது அறுபத்துமூன்று; புராஸ்டேட் வீக்கம். தினம் ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதியிருந்தார்.

பத்து மாத்திரை வாங்கிப் போனவர் ஒரு மாதம் கழித்துத்தான் அடுத்த பத்துக்கு வந்தார். எனக்குக் குழப்பம். காரணங்களை நோட்டில் எழுதிப் பார்த்தேன். மறதியா? பத்து வருஷத்துப் பிரதோஷங்களை ஒப்பிப்பவர். விலையா? கேட்டதே இல்லை. கடைசியில் அவரையே கேட்டேன்.

இருமல் டானிக் அலமாரியைப் பார்த்தபடி சொன்னார்: "இது ராத்திரி ஆசையக் கொறைக்கும்னு உள்ள இருந்த தாள்ல போட்டிருக்கும்மா. திங்கள், வெள்ளி, அமாவாசை நமக்கு விரதம். அன்னைக்கு அந்தப் பேச்சே கெடையாது. அதான் அன்னைக்கு மட்டும் முழுங்குதேன். நட்டமில்ல பாரு!"

"மாத்திரைக்குக் கிழமை தெரியாது அண்ணாச்சி. எல்லாருக்கும் அப்படி ஆகாது. தெனம் சாப்பிடலைன்னா நீர் அடைச்சுக்கிட்டு டியூப் போட வேண்டி வரும். பயமா இருந்தா டாக்டர்ட்ட வாய்விட்டுக் கேளுங்க."

"அவருட்டயா? என் மருமவனோட படிச்சவருல்லா!"

அடுத்த பத்து மூன்று வாரத்தில் தீர்ந்தது. அதற்கடுத்தது பதினைந்தே நாளில். மறுபடி குழம்பி, அவரையே கேட்டேன்.

"உங்க மதினிக்குப் பக்தி முத்திப்போச்சும்மா. செவ்வாயும் விரதம்ங்கா, சஷ்டிங்கா, கார்த்திகைங்கா. புதனுக்குக்கூட ஏதோ சாமியக் கண்டுபிடிச்சிட்டா!"

மறுவாரம் அண்ணாச்சியின் மனைவி, அந்த மதினியே கடைக்கு வந்தார்.

"ஒண்ணுக்குப் போவ அவுக படுத பாட்ட எத்தனை நாளு பாத்துக்கிட்டு இருக்க? விரதத்தன்னைக்குத்தான் முழுங்குவாகன்னா, விரதத்தக் கூட்ட வேண்டியதுதான!"

"தெனம் பட்டினியா மதினி?"

"போடி! அடுக்களைல ரெண்டு தோசையத் தின்னுட்டுல்லா விரதம் இருக்கேன்."

நாலைந்து மாதம் கழித்து அண்ணாச்சி நிமிர்ந்து நடந்து வந்தார். ஒரே தடவையாக முப்பது மாத்திரை கேட்டார்.

"புது விரதத்த எல்லாம் உங்க மதினி முடிச்சிட்டா. ஆனா நான் தெனம் முழுங்குதேன். அந்தத் தாள்ல போட்ட மாதிரி ஒண்ணும் ஆவலம்மா" என்று டானிக் அலமாரியிடம் தெரிவித்தார்.

மாத்திரையை அவர் பையில் போட்டபோது உள்ளே வாழையிலைப் பொட்டலத்தில் மதினிக்கு வாங்கிய பிச்சிப்பூ மணத்தது.

சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தேன். அமாவாசை. வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணாச்சி நாள் பார்க்க மறந்திருந்தார். ஞாபகப்படுத்த எனக்கு மனசு வரவில்லை.