மூன்று ரிவர்ஸ் கியர் ஜீப்

சக்கரம் சுற்றினால் வண்டி முன்னால்தான் போகும் என்று இருபத்து நான்கு வயது வரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் எங்கள் வீட்டில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள், அதுவும் கண், காது, மூக்கு எல்லாம் வைத்து. அதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

எழுபதுகளின் கடைசி அது. திருத்தணியில் நெசவுக்காரர்கள் தெருவில் எங்கள் வீடு. நைனா தறி நெய்தார். எனக்குத் தறியைத் தவிர உலகத்தில் உள்ள மற்ற எல்லா இயந்திரத்தின் மேலும் ஆசை. ஒரு பட்டறையில் இரண்டு வருஷம் ஸ்பானர் பிடித்திருந்தேன். (பிடித்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்தேன் என்பதுதான் உண்மை.) அந்தத் தைரியத்தில், ராணுவம் கழித்துப் போட்ட ஒரு கிழட்டு ஜீப்பை வாங்கி வந்து வாசலில் நிறுத்தியிருந்தேன். மேட்டைக் கண்டால் இருமுகிற ஜீப். அதை மலையேற வைத்தே தீருவது என்று கிளம்பியதற்குக் காரணம் என் அக்கா.

அக்காவுக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பிவிட்டது. பொதட்டூர்பேட்டையில் கட்டிக் கொடுத்திருந்தோம். பாவா, அதாவது அக்கா புருஷன், சாது. மாமியார் அப்படி இல்லை. எட்டு வருஷம் குழந்தை இல்லை என்பதையும், பிறந்த வீட்டில் ஒன்றுமில்லை என்பதையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசியில் ஒரு பையன் பிறந்தான். முதல் மொட்டை திருத்தணி மலையில் என்று அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள். படியேறிப் போக அவளால் முடியாது. மாமியார் டாக்சி பேசுகிறேன் என்றபோது, வேண்டாம், என் தம்பியின் ஜீப்பில்தான் போவேன் என்று சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் அவள் வாய் திறந்து பெருமையாகச் சொன்ன முதல் விஷயம் அதுதான். அதைக் காப்பாற்ற வேண்டியவன் நான்.

வேலையில் இறங்கினேன். எஞ்சின் எது, கியர்பாக்ஸ் எது, ஆக்சில் எது என்று ஒரு மாசம் அதே பேச்சு. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மெட்ராஸ் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, நொறுங்கிப் போன ஒரு வேனின் டீசல் எஞ்சினைத் தேர்ந்தெடுத்தேன். லாரி கியர்பாக்ஸைப் போடு என்றார்கள், இடம் போதவில்லை. முன்னால் போக மூன்று, பின்னால் போக ஒன்று என்று இருந்த பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டேன். (நான் எடுத்த முடிவுகளில் உருப்படியானது இது ஒன்றுதான்.) டீசல் எஞ்சின் நிதானமாகச் சுற்றுகிற ஜாதி. பழைய பின் ஆக்சிலோடு சேர்த்தால் வண்டி மாட்டுவண்டி வேகத்தில்தான் போகும் என்று பெரிய மேதாவி மாதிரி கணக்குப் போட்டு, வேறொரு வண்டியின் ஆக்சிலைக் கொண்டுவந்தேன்.

அங்கேதான் வந்தது வினை. ஆக்சிலில் பானை மாதிரி ஓர் உருண்டை இருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வரும் நீளமான ராடு அதில் போய்ச் சேர வேண்டும். என் ஜீப்பில் ராடு வலது பக்கமாக வந்தது. கொண்டுவந்த ஆக்சிலிலோ உருண்டை இடது பக்கம் இருந்தது. வெல்டர் உதட்டைப் பிதுக்கினார். நான் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, ஆக்சிலை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போட்டேன். உருண்டை வலது பக்கம் வந்துவிட்டது! என்னை நானே தோளில் தூக்கிக்கொள்ளாத குறை.

எதற்கும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிடச் சொன்னார் வெல்டர். நான் மறுத்துவிட்டேன். அக்கா ஏறித்தான் வண்டி முதலில் நகர வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி வைத்து, எஞ்சினைப் போட்டு, முதல் கியரைத் தட்டினேன். சக்கரம் ஜோராகச் சுற்றியது. தெருவே கைதட்டியது. எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று பார்க்க மட்டும் எவனுக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் மொட்டை போட்டாக வேண்டும். ஜீப்புக்கு மாலை போட்டு, முன் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில், நைனா விடியற்காலையிலேயே கழிகள் நட்டு, தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்து, அப்போதுதான் கஞ்சி போட்டுக் காயவிட்டிருந்தார். அக்கா குழந்தையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமியார், பாவா, தெரு ஜனம் எல்லோரும் முன்னால் நின்று கும்பிட்டார்கள்.

முதல் கியர் போட்டேன். எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை. கும்பிட்டு நின்ற ஜனம் மெல்லச் சின்னதாகிக்கொண்டே போனது. கியர் மாறி விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அவசரமாக இரண்டாவதைப் போட்டேன். இன்னும் வேகமாகச் சின்னதானார்கள். பதறிப்போய் பிரேக் என்று எதை மிதித்தேனோ, அது பிரேக் இல்லை. பாவு முழுவதும் கஞ்சியோடு பின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, கழிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய, எஞ்சின் உறுமி நின்றுபோனது. என் தலையெல்லாம் அறுந்த நூல் ஒட்டி, கஞ்சி சொட்டியது. குழந்தை மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

மாமியார் நிதானமாக நடந்து வந்தார்.

"இன்னாபா, மலை அந்தாண்ட கீது. நீ ஆந்திராவுக்குப் போய்கினு கீற?"

பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. பாவா டாக்சி பிடிக்க ஓடப் பார்த்தார். அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நைனா குனிந்து சக்கரத்தில் சிக்கிய நூலை அரிவாளால் அறுத்தார். எத்தனை நாள் உழைப்பு! அறுத்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நூலை நான் பாத்துக்கிறேன். நீ அவளை மேல கூட்டிகினு போ."

"எப்படி நைனா? வண்டி பின்னாலதான் போவுது" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா இறங்கவே இல்லை. அஞ்சாம் கிளாஸோடு படிப்பை நிறுத்தியவள், குழந்தையின் முகத்திலிருந்த கஞ்சியை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"முன்னாடி போறதைப் போட்டா பின்னாடி போவுது. அப்போ பின்னாடி போறதைப் போட்டா முன்னாடி போவுமில்ல தம்பி?"

ஆங், போயிற்று. ரிவர்ஸ் கியரைப் போட்டுப் பழைய இடத்துக்கு வந்ததும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஆக்சிலைப் புரட்டிப் போட்டதில் சக்கரம் சுற்றும் திசையும் புரண்டுபோயிருந்தது. முன்னால் போக எனக்கு இருந்தது அந்த ஒரே கியர்தான். மீதி மூன்றும் பின்னால் போவதற்கு. ஊளையிட்டுக்கொண்டே ஜீப் மலைச் சாலையில் ஏறியது, மனுஷன் நடக்கிற வேகத்தில். எங்கள் ஜனமெல்லாம் பக்கத்திலேயே நடந்து வந்தார்கள். காவடிக்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். இந்தப் பழிகார வண்டியில் ஏறமாட்டேன் என்ற மாமியார், அக்கா பக்கமாகவே நடந்தார். முதலில் என்னைத் திட்டினார். பாதி மலையில் திட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லாமல், குழந்தை பால் குடித்தானா என்று விசாரித்தார். அப்புறம் இருவரும் என்னென்னவோ பேசிக்கொண்டே வந்தார்கள். வண்டிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

பத்தேகாலுக்குத் தாய்மாமன் மடியில் மருமகனுக்கு மொட்டை. என் சட்டையில் கஞ்சி காய்ந்து அட்டை மாதிரி நின்றது. எனக்கும் சேர்த்துப் போட்டுவிடட்டுமா என்று நாவிதர் கேட்டார். போட்டுக்கொண்டேன், நூல் வேறெப்படியும் தலையிலிருந்து வந்திருக்காது.

நைனா அந்தப் பாவை மூன்று நாள் உட்கார்ந்து பிரித்தார். பாதிதான் தேறியது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. நான் ஆக்சிலை மாற்றி ஜீப்பை ஒழுங்காக்கினேன். ஆனால் பேர் போய்விட்டது. விருந்து, விசேஷம் என்று எங்கே கூடினாலும் மருமகன் இந்தக் கதையை எடுத்துவிடுவான், நேரில் பார்த்து நினைவு வைத்திருப்பவன் மாதிரி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன வருஷம் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தபோது, இவ்வளவு நாள் சும்மா இருந்த அக்கா சொன்னாள்:

"சிரிங்க, சிரிங்க. எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா எல்லாரும் முன்னாடி போய் நின்னுகினு, நான் வர்றேனான்னு திரும்பிப் பார்ப்பாங்க. அன்னிக்கு ஒரு நாள்தான் எல்லாரும் என்கூட நடந்து வந்தாங்க."

இப்போது என்னிடம் நல்ல கார் இருக்கிறது. அக்கா ஏறி உட்கார்ந்ததும், "ரிவர்ஸ்ல போடு தம்பி" என்பாள். நான் முதல் கியரிலேயே மெதுவாக ஓட்டுவேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போகட்டும்.